விட்டுப்போன இரண்டு கிலோமீட்டர்

காலை பதினொன்று இருபது. எட்டாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து, "டீச்சர், உங்களுக்கு போன். தையல் பட்டறையிலிருந்து" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைப்பானேன்? அந்தப் பட்டறையிலிருந்து என் பள்ளிக்கு அதுவரை ஏழு முறை போன் வந்திருந்தது. ஏழு முறையும் அவர்கள் டீ குடிக்கும் நேரத்தில்தான். ஏழு முறையும் பேசியது என் நாத்தனார்தான். எடுத்த எடுப்பில், "அண்ணி, லீவு கிடைச்சாச்சு! பையை எடுங்க!" என்று கத்துவாள். பக்கத்தில் மெஷின் ஓடும் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்காது. நான் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பேன். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பார்.

இது எட்டாவது முறை என்று எண்ணிக்கொண்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டியபடி கிட்டத்தட்ட ஓடினேன். ரிசீவரைத் தள்ளிப் பிடித்துத் தயாராக நின்றேன். மெஷின் சத்தமே இல்லை. முதலாளி பேசினார்.

"டீச்சர், டீ குடிக்க எழுந்தாங்க. எழுந்தவங்க அப்படியே மெஷின் மேல சாஞ்சுட்டாங்க. தூக்கிட்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட..."

அவரால் முடிக்க முடியவில்லை. அவள் போய் இன்றோடு பதினேழு நாள் ஆகிறது.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் காகிதத்தை எடுத்ததும் கால்தான் பரபரக்கிறது. அவளை நினைத்தால் எனக்கு அப்படித்தான். உட்கார்ந்திருக்கும் அவளை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இத்தனைக்கும் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தே வேலை செய்தவள்.

பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் வேலை. கனமான ரெக்சின், தடித்த நூல், குத்தினால் எலும்பு வரை போகிற ஊசி. பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே ஆறு மெஷின். பட்டறையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, அரையங்குலம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நாளடைவில் எங்கள் வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வந்ததெல்லாம் அளவு சரியா வரல" என்பாள். கேட்டவர்கள் அடுத்த கேள்வியை விழுங்கிவிடுவார்கள்.

அவளுடைய மெஷினுக்கு எதிரே சுவரில் உயரமாக ஒரு ஜன்னல். அந்தப் பக்கம் சாலை. உட்கார்ந்து பார்த்தால் சாலையில் போகிறவர்களின் தலை மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரிலிருந்து கடலோரக் குன்றின் மேலுள்ள பழைய கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அந்தச் சாலை வழியாகத்தான் போவார்கள். ஐந்நூற்று எண்பது கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடந்தால் ஏறக்குறைய முப்பது நாள். வழிநெடுகத் தங்கும் விடுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் கையில் கொண்டுபோகும் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்கள். குன்றின் உச்சியில் கடைசி முத்திரை.

இருபது வருடத்துக்கு மேலாக அவள் அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி வைத்த தலை, நரைத்த தலை, குடைக்குள் மறைந்த தலை. ஒருநாள் சாப்பிடும்போது, "அண்ணி, அந்தத் தலைங்கல்லாம் எங்கதான் போகுதுன்னு நான் போய்ப் பார்க்கணும். ஒரு அடிகூட விடாம நடந்து பார்க்கணும்" என்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இப்படி ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முதலாளியிடம் முப்பது நாள் லீவு கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாராம். "முப்பது நாளா? நீ முப்பது நாள் போனா நாப்பது பஸ்ல ஜனங்க நின்னுக்கிட்டே போகணும்மா!" வருடத்தில் இரண்டு முறை மெஷின்களைக் கழற்றி எண்ணெய் போட பட்டறையை மூடுவார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை, நான்கு நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

அன்று மாலை அவள் முகம் தொங்கிப்போய் வருவாள் என்று நானும் என் கணவரும் காத்திருந்தோம். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவள் நேராகச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். தையல் டேப்பை அதன்மேல் ஓட்டி, தையல் சாக்பீஸால் ஆறு இடத்தில் கோடு கிழித்தாள்.

"ஏழு துண்டு" என்றாள்.

"என்ன ஏழு துண்டு?" என்றார் அவளுடைய அண்ணன்.

"நடை. நாலு நாள் ஒரு துண்டு. ஒரு சீட்டு உறையே எட்டு துண்டு சேர்த்துத் தைக்கிறதுதானே. உட்கார்றவனுக்கு அது தெரியவா போகுது?"

"அப்ப புண்ணியமும் துண்டு துண்டாத்தான் வரும்."

"வரட்டும். வந்ததும் நான் சேர்த்துத் தைச்சுக்கறேன்."

"சரி, துணைக்கு யாரு? எனக்கு முட்டி வலி. இப்பவே சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அலமாரிதான் இருந்தது.

"கணக்கு டீச்சர் வேணும் அண்ணி. தூரம் கூட்டிக் கழிக்க ஆள் வேண்டாமா?"

பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசல் வரைதான் அதுவரை நான் நடந்த அதிகபட்ச தூரம். என் கணவர் முகத்தில் சந்தோஷம் பொங்கியது. "ரெண்டு பேரும் நல்லபடியா போயிட்டு வாங்க. நாலு நாள் வீட்டுல நான் பேசறது எனக்கே கேட்கும்."

முதல் நடையைப் பட்டறை வாசலிலிருந்தே தொடங்கினோம். காலை ஆறு மணி. உள்ளே முதலாளி மட்டும் எண்ணெய்க் குப்பியோடு மெஷின்களுக்கு நடுவே இருந்தார். அந்த உயரமான ஜன்னலுக்கு அடியில் போனதும் அவள் நின்றாள். முதுகுப் பையோடு குதித்தாள். மறுபடியும் குதித்தாள்.

"முதலாளி! என் தலை தெரியுதா?"

"தெரியுது, தெரியுது! திங்கட்கிழமை எட்டு மணிக்கு அதே தலை உள்ள தெரியணும்!"

மூன்று கிலோமீட்டர் வரை அவள் சிரிப்பு அடங்கவில்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரி நடைபாதையில் குதித்ததை இரண்டு நாய்களும் ஒரு பால்காரரும் பார்த்தார்கள் என்று நான் சொன்னேன். "நாய் என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

எண்பத்தொரு கிலோமீட்டர் நடந்து, ஒரு கால்நடைத் தீவனக் கடை வாசலில் நின்று, பேருந்து பிடித்து வீடு வந்தோம். என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அவளுக்கு ஒன்றுமில்லை. மெஷினை மிதித்து மிதித்து இறுகிய கால்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது துண்டு. அதே தீவனக் கடை வாசலில் இறங்கினோம். நான் பையை மாட்டிக்கொண்டு முன்னோக்கி நடக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா! வழி இந்தப் பக்கம்!"

"அரையங்குலம், அண்ணி!"

அன்றுதான் அவள் பட்டப்பெயரின் முழு அர்த்தமும் எனக்குத் தெரிந்தது. தைக்கும்போது நடுவில் நூல் அறுந்தால், அறுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கக் கூடாது. அரை அங்குலம் பின்னால் போய், பழைய தையல்மேலேயே ஏறித் தைத்துக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால், யாராவது கனமான ஆள் உட்கார்ந்த அன்றைக்கே அந்த இடத்தில் விட்டுப்போகும். பட்டறையில் எந்த மெஷினில் நூல் அறுந்தாலும் அவள் தலையைத் திருப்பாமலே, "அரையங்குலம் பின்னாடி!" என்பாள்.

"சாலைக்கு எவ்வளவு?"

"அரை கிலோமீட்டர்."

"அரை அங்குலத்துக்கு அரை கிலோமீட்டரா? என்ன அளவுகோல் இது?"

"என் அளவுகோல்."

ஆக, அரை கிலோமீட்டர் பின்னால் போய், ஏற்கெனவே நடந்த வழியில் மறுபடி ஏறி வந்தோம். தீவனக் கடைக்காரர் நாங்கள் இறங்கியதையும், வந்த வழியே போனதையும், பத்து நிமிடத்தில் திரும்பி வந்ததையும் பார்த்துவிட்டு, "எதையாவது விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். "விட்டுடக் கூடாதுன்னுதான்" என்றாள் இவள்.

முழுதாக நடக்கிறவர்களுக்கு எங்களைப் போன்ற துண்டு நடைக்காரர்கள் என்றால் கொஞ்சம் இளக்காரம். ஒரு விடுதியில், கைத்தடியைக் கட்டிலில்கூடப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்ட ஒருவர் சொன்னார்: "ஒரே மூச்சுல போனாத்தாம்மா நடை. இதுக்குப் பேரு உலாத்தறது."

"ஐயா, நீங்க நடக்க ஆரம்பிச்ச ஊருக்கு எதுல வந்தீங்க?"

"பஸ்லதான்."

"சீட்டு நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஏன்?"

"நான் தைச்சது. நான் ஒரே மூச்சுல கிளம்பியிருந்தா நீங்க நின்னுக்கிட்டே வந்திருப்பீங்க."

அறையிலிருந்த எல்லாக் கட்டிலும் சிரித்தது. மறுநாள் காலை அந்த மனிதரே இவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். நான்காவது துண்டு. மூன்றாவது நடையைப் பாலத்தடி என்ற நிறுத்தத்தில் முடித்திருந்தோம். பெட்ரோல் பங்க் ஒன்றைத் தாண்டி அரை கிலோமீட்டரில் அந்த நிறுத்தம். மறுபடி அங்கே போய் இறங்கியபோது விடிகாலை ஐந்து மணி. மழை. அதன்மேல் பனிமூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. நடத்துநர் "பாலத்தடி!" என்று கத்தினார், நாங்கள் இறங்கினோம், பேருந்து போய்விட்டது. அவள் வழக்கம்போல் பின்பக்கம் திரும்பினாள்.

"இந்த ஒரு தடவை விட்டுடும்மா" என்றேன். "நனைஞ்சா நாலு நாளும் ஈரத்துலயே நடக்கணும்."

"அண்ணி..."

"ஒரே ஒரு தடவை. நான் சொல்றேன்ல?"

எங்கள் வீட்டில் அண்ணி சொன்னால் அவள் மறுத்துப் பேசமாட்டாள். என்னை ஒரு முறை பார்த்தாள், பையின் பட்டையை இறுக்கினாள், முன்னோக்கி நடந்தாள். கால் மணி நேரத்தில் ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்டினோம். பாலத்தடி என்று பெயர் வரக் காரணமான பாலம் இதுதான் போல என்று நான் சொன்னேன். "இத்துனூண்டுக்கா ஒரு நிறுத்தம்?" என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

ஐந்தாவது, ஆறாவது துண்டுகள் பறந்துவிட்டன. எனக்கு இப்போது கொப்புளம் வருவதில்லை. பள்ளியில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். என் கணவர் எங்களை வரவேற்கும்போது, "இன்னும் எத்தனை துண்டு பாக்கி?" என்று கேட்பார். ஐந்து, மூன்று, ஒன்று என்று விரல் காட்டுவாள். கடைசி முறை கிளம்பும்போது முட்டி வலிக்காரர் பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தார்.

ஏழாவது நடை. வெள்ளிக்கிழமை மாலை கடைசி விடுதிக்கு வந்து சேர்ந்தோம். அதன் பின்கட்டுக் கதவைத் திறந்தால் தூரத்தில் குன்று தெரிந்தது. ஒன்பது கிலோமீட்டர், பிறகு நானூற்றுச் சொச்சம் படிகள். சனிக்கிழமை காலை மேலே ஏறிவிட்டு, ஞாயிறு சாவகாசமாக வீடு திரும்பலாம். அவள் கதவருகே நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்றாள். "அண்ணி, அந்தத் தலைங்கல்லாம் இங்கதான் வந்திருக்கு! இங்கதான்!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். சூப்பு ஆறிப்போனது.

நீள மேசையில் எங்களுக்கு எதிரே ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் உட்கார்ந்திருந்தார். முழு நடைக்காரர். வழுக்கைத் தலை வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது.

"ஒரு தொப்பி போட்டுக்கக் கூடாதா?" என்றாள் இவள்.

"இருந்துச்சும்மா. அந்தப் பெரிய பாலத்துல காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஆத்துல மிதந்து போனதை நின்னு பார்த்தேன். உங்களுக்கு அங்க எதுவும் பறக்கலையா?"

"எந்தப் பாலம்?"

"பாலத்தடியிலதான். ஒண்ணரை கிலோமீட்டர் நீளமாச்சே! அதை எப்படி மறப்பீங்க?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எங்கள் இருவர் வாழ்க்கையிலும் ஒண்ணரை கிலோமீட்டர் பாலத்தில் நாங்கள் நடந்ததே இல்லை.

"பாலத்தடின்னு ஒரு நிறுத்தம்தானே இருக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"ரெண்டு. இந்தக் கரையில ஒண்ணு, அந்தக் கரையில ஒண்ணு. ரெண்டுக்கும் அதே பேரு. நான் அந்த ஊர்ப்பக்கம் நாலு வருஷம் தபால் கொடுத்திருக்கேன். பாதிக் கடிதம் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பி வரும்."

மூன்றாவது நடையை எங்கள் ஊர்ப்பக்கக் கரையில் முடித்து, நான்காவதை எதிர்க்கரையில் தொடங்கியிருக்கிறோம். நடுவில் ஒரு ஆறும் பாலமும் அணுகுசாலைகளுமாக இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதன்பிறகு போக வர அந்தப் பாலத்தைக் கடந்ததெல்லாம் இராப் பேருந்தில், தூக்கத்தில். அன்று அரை கிலோமீட்டர் பின்னால் போயிருந்தால், பெட்ரோல் பங்க் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். மூன்று வருடத்தில் அந்த ஒரு நாள்தான் போகவில்லை. போக வேண்டாம் என்றது நான்.

"நாளைக்கு மேல ஏறிடலாம்" என்றேன். "அடுத்த லீவுல வந்து பாலத்தை நடந்துக்கலாம். நானே கூட்டிட்டு வரேன்."

"நடுவுல தையல் விட்டுப்போன உறையை நான் வண்டியில ஏத்தினதே இல்ல அண்ணி."

"யாருக்கும் தெரியப்போறதில்லம்மா."

"எனக்குத் தெரியுமே."

கோபமில்லை. அதுதான் என்னை இன்னும் வதைத்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையமர்த்திவிட்டு, "கணக்கு டீச்சர், கணக்கு போடுங்க. இங்கிருந்து பாலத்தடிக்கு பஸ்ல எத்தனை மணி நேரம்?" என்றாள். அவள் கண் மின்னியது. மேசையிலிருந்த ரொட்டித் துண்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். இது நாம, இது பாலம், இது குன்று, இது திங்கட்கிழமை எட்டு மணி.

முந்நூற்று முப்பது கிலோமீட்டர். ஆறு மணி நேரம் போக, ஆறு மணி நேரம் வர. சனிக்கிழமை விடியலில் கிளம்பினால் பதினொரு மணிக்குப் பாலம். பிற்பகல் ஒரு மணி பேருந்தைப் பிடித்தால் இரவுக்குள் இதே விடுதி. ஞாயிறு காலை ஒன்பது கிலோமீட்டரும் படிகளும். மூன்று மணிக்கு ஊருக்குப் பேருந்து. ஒன்று தவறினாலும் எல்லாம் தவறும். தபால்காரர் எழுந்து போய் விடுதிக்காரரிடமிருந்து பேருந்து அட்டவணையை வாங்கி வந்தார். மேசையில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "ஒரு மணி வண்டி பாலத்தடியில நிக்காதும்மா, கையைக் காட்டணும்!" என்றார் ஒருவர். "ரெண்டு கையையும் காட்டறேன்" என்றாள்.

சனிக்கிழமை பதினொன்று பத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கக் கரைப் பாலத்தடியில் இறங்கினோம். பெட்ரோல் பங்க் வரை பின்னால் போனோம். அது அதே இடத்தில் இருந்தது. எனக்கு அதைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. திரும்பி வேகவேகமாக நடந்து பாலத்தின் வாய்க்கு வந்தால், குறுக்கே ஒரு கம்பு. பலகை. பாலத்தில் பழுது வேலை நடக்கிறது, வண்டிகளுக்கு ஒருவழி, நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை.

பக்கத்தில் ஒரு இரும்பு முக்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "நடக்கிறவங்கல்லாம் பஸ்ல ஏறி அந்தப் பக்கம் போய் இறங்கிக்கலாம்மா. ஒண்ணும் குத்தமில்ல. எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"நாங்க ஏற்கெனவே அப்படித்தான் போயிட்டோம்" என்றாள். "அதான் பிரச்சினையே."

முழுக் கதையையும் நின்ற நிலையில் சொன்னாள். ஜன்னல், தலைகள், ஏழு துண்டு, பனிமூட்டம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அன்னிக்கு மழையில நாங்க அரையங்குலம் விட்டுட்டோம்" என்று மட்டும் சொன்னாள். காவலாளி வாய் திறந்தபடி கேட்டார். மணி பதினொன்று முப்பத்தைந்து.

அவர் எழுந்து கூண்டுக்குள் போய், ஆரஞ்சு நிற மேல்சட்டை இரண்டையும் தொப்பி இரண்டையும் எடுத்து வந்தார். "வேலை ஆளுங்க மட்டும்தான் நடக்கலாம். வேலை ஆளுங்கன்னா கையில ஏதாவது இருக்கணுமே?"

அவள் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து நீட்டினாள். "இது போதுமா?"

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கரைக் காவலாளி எட்டிப் பார்த்திருப்பார். சட்டையை மாட்டிக்கொண்டவள், கிளம்பாமல் அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சுதானே நிக்கறீங்க? கொஞ்சம் தள்ளுங்க."

"என்னம்மா?"

"நாளெல்லாம் வெறும் இரும்புலயா உட்கார்றீங்க?" குனிந்து டேப்பை வைத்தாள். "பதினாலுக்குப் பதினொண்ணு. அண்ணி, எழுதிக்கோங்க. அடுத்த லீவுல மெத்தை வச்சு உறை கொண்டு வரேன்."

"அட, அதெல்லாம் வேண்டாம்மா. ஆறு மாசத்துல பாலம் வேலை முடிஞ்சதும் என்னை வேற எங்கயாவது போட்டுடுவாங்க."

"ஆறு மாசத்துக்குள்ள வந்துடறேன்."

"மணி!" என்று கத்தினேன் நான்.

அந்தப் பாலத்தை நாங்கள் அளந்துகொண்டே கடந்தோம். வண்டி வரும்போதெல்லாம் அவள் குனிந்து கைப்பிடிச் சுவரில் டேப்பை வைப்பாள். நான் தலையை ஆட்டிக் குறித்துக்கொள்வேன். ஒரு லாரிக்காரர் மரியாதையாக வேகத்தைக் குறைத்துப் போனார். காற்று சட்டைக்குள் புகுந்து எங்களை இரண்டு பலூன்களாக்கியது. கீழே ஆறு அகலமாகக் கிடந்தது. அன்றைய பனிமூட்டத்தில் இவ்வளவு பெரிய ஆற்றையே தவறவிட்டிருக்கிறோம்! நடுப்பாலத்தில் அவள் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தபால்காரரே, உங்க தொப்பி தெரியலையே!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். எனக்குச் சிரித்து மூச்சு வாங்கியது. ஓடவும் வேண்டியிருந்தது.

எதிர்க்கரையில் சட்டைகளைக் கொடுத்தோம். பாலத்தடி, இன்னொரு பாலத்தடி, வந்துவிட்டது. மணி பன்னிரண்டு ஐம்பது. நான் நின்றேன். அவள் நிற்கவில்லை.

"எங்க போற? பஸ் வந்துடும்!"

"அந்தப் பக்கமும் தையல் மேல ஏறணும்ல! அரையங்குலம்!"

பையைப் போட்டுவிட்டு நானும் அவள் பின்னால் ஓடினேன். வாய்க்கால் பாலம் இருக்கும் திசையில் அரை கிலோமீட்டர் போய்த் தரையை மிதித்தாள். திரும்பி ஓடி வரும்போதே பேருந்தின் சத்தம் கேட்டது. சொன்ன சொல் தவறாமல் இரண்டு கையையும் காட்டினாள். வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்ததும் இருக்கையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "நம்ம பட்டறைதான் அண்ணி. இது மூணாவது மெஷின் தையல்" என்றாள். அடுத்த நிமிடம் தூங்கிவிட்டாள். ஆறு மணி நேரமும் அவள் தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது.

ஞாயிறு காலை பத்தேகாலுக்குக் குன்றின் அடிவாரம். படிகளை அவள் எண்ணவில்லை. எண்ணுவது என் வேலை. நானூற்றுப் பன்னிரண்டு. உச்சியில் கடல் ஒரே அடியாகத் திறந்துகொண்டது. பிறகு சன்னதியில் அவளுக்கான நேரத்தை எடுத்துக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

முத்திரை குத்துகிற அலுவலர் பெரிய பதிவேட்டைத் திறந்து, தலையைத் தூக்காமல் கேட்டார்: "எத்தனை நாள் நடந்தீங்க?"

"மூணு வருஷம் நாலு நாள்."

அவர் தலையைத் தூக்கினார். "நடுவுல எங்கயாவது விட்டீங்களா?"

"விட்டோம்" என்றாள். "போய்த் தைச்சுட்டு வந்துட்டோம்."

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரையை மையில் நன்றாக ஒற்றிக் குத்தினார். மேசை அதிர்ந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் தலை பட்டறைக்குள் தெரிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவளிடம் அவள் அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இன்னும் எத்தனை துண்டு பாக்கி?" அவள் கையை மூடி முஷ்டியைக் காட்டினாள். பிறகு, "ஒரு முக்காலி மட்டும்" என்றாள். அந்த உறையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருநாள் லீவு கேட்டிருப்பதாகவும், முதலாளி பார்க்கலாம் என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அந்த லீவு கிடைத்த சேதிதான் வந்திருக்கிறது என்று நினைத்துத்தான், ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் பதினொன்று இருபதுக்கு, நான் சிரித்துக்கொண்டே போனுக்கு ஓடினேன்.

முதலாளி நேற்று வீட்டுக்கு வந்தார். அவள் மெஷின் இழுப்பறையில் இருந்தவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். கத்தரி, தையல் சாக்பீஸ், டேப். அடியில் கருநீல ரெக்சினில் ஒரு சின்ன உறை. பதினாலுக்குப் பதினொன்று. அவளுடைய டேப்பாலேயே அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்று பக்கம் தைத்திருக்கிறது. மெத்தையை உள்ளே நுழைக்க வேண்டிய நான்காவது பக்கம் தைக்காமல் திறந்திருக்கிறது.